றேச்சல் அம்மையாரும் எனது பிழைத்தீர்ப்பும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் மானிப்பாயிலே மாணவர் விவாத அரங்கொன்றுக்கு யான் நடுவராக இருந்தேன். இரசாயனம் மனித குலத்துக்கு வரமா, சாபமா என்பது பொருள். சாபமே என்று வாதித்த கட்சியிலே ஒரு மாணவி, அமெரிக்க நாட்டு றேச்சல் கார்சன் அம்மையாரைச் சான்று காட்டித் திறமையாகப் பேசினாள். தீர்ப்புரை கூற எழுந்த யான் அந்தச் சான்றினையே பிடித்துக்கொண்டேன். அம்மையார் எழுதிய ஒரு நூலினாலே உலகத்தார் டி.டி.ரி. மருந்தைக் கைவிட்டனர் என்றும், கைவிட்டதனாலே நம் இலங்கையில் ஒடுங்கிக் கிடந்த மலேரியா மீண்டும் எழுந்து இலட்சக்கணக்கானோரைப் பாயில் வீழ்த்தியது என்றும், நல்லெண்ணத்தோடு எழுதும் பேனாவும் நஞ்சு கக்குவதுண்டு என்றும் சொல்லி, அந்தக் கட்சி தோற்றது என்று முடித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் என் தீர்ப்புரையை யானே மெச்சிக்கொண்டு வந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

ஒரு வாரம் கழிந்து அந்த மாணவி எங்கள் கல்லூரிக்கு வந்தாள். சண்டை பிடிக்க வரவில்லை; ஓர் ஐயம் கேட்க வந்தாள். அவளுடைய பாட்டனார் இளமையில் மலேரியாத் தடை இயக்கத்திலே பணியாற்றி, வன்னிப் பகுதியில் வீடு வீடாகச் சென்று சுவர்களுக்கு மருந்து தெளித்தவராம். அமெரிக்கா டி.டி.ரி.யைத் தடைசெய்தது 1972ஆம் ஆண்டிலே. இலங்கையிலே சுவருக்கு மருந்து தெளிப்பது நின்றது 1964ஆம் ஆண்டளவிலே. நின்றது ஏன் என்று பாட்டனாரைக் கேட்டபோது, நோய் இல்லாமற் போயிற்று, அதனால் நிறுத்தச் சொன்னார்கள் என்றாராம். புத்தகம் ஒன்றைப் பற்றி அக்காலத்தில் அவர் கேள்விப்பட்டதேயில்லை. ஐயா சொன்ன தீர்ப்புக்கு ஆதாரம் எந்த நூல் என்று மிக்க பணிவோடு கேட்டாள்.

ஆதாரம் என்று சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எப்போதோ ஒரு பத்திரிகைத் துண்டிற் படித்தது நினைவில் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு பாட்டிலே ஓரெழுத்து மாறியிருந்தால் மூன்று ஏட்டுப் பிரதி தேடி அலைகின்ற நான், ஒரு பெண்மணியின் தலையிலே கொலைப்பழி சுமத்தும்போது ஒரேடும் பார்த்தேனல்லேன். அந்த நாணமே அம்மையாரின் வரலாற்றை ஊன்றிப் படிக்கச் செய்தது. படித்ததை இங்கே எழுதுகின்றேன்.

தமிழ்ப் பண்டிதனுக்கு இரசாயனம் எதற்கு என்பார் இருப்பர். அவர்கள் மானிப்பாயை மறந்தவர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் இந்த ஊரிலிருந்துதான் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். அவரும் அவருடைய மாணாக்கரும் ஆக்கிய தமிழ் இரசாயன நூல் 1875இல் அச்சேறியது. குளோரீனும் புரோமீனும் அயடீனும் நம் மொழிக்கு நேற்று வந்த விருந்தாளிகளல்ல. அது நிற்க.

றேச்சல் கார்சன் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்திலே, அலெகேனி ஆற்றங்கரையிலுள்ள ஸ்பிறிங்டேல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். மூன்று பிள்ளைகளுள் இளையவர். தந்தையார்க்கு நிலம் இருந்தது, பணம் இல்லை. தாயார் மரியா, திருமணத்துக்கு முன் பள்ளி ஆசிரியை. சமயகுரு ஒருவரின் மகள். பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு தோப்புக்கும் ஓடைக்கும் போய்ப் பறவையையும் பூச்சியையும் காட்டிக் கொடுத்தவர் அந்தத் தாயார்தாம். அதே ஊரிலே குதிரைகளைக் கொன்று பசை காய்ச்சும் தொழிற்சாலை ஒன்றும் இருந்தது. அதன் நாற்றம் ஊரெங்கும் வீசியதாம். தோப்பின் மணமும் தொழிற்சாலையின் நாற்றமும் ஒருங்கே நுகர்ந்து வளர்ந்த பிள்ளை அவர்.

பதினொரு வயதிலே சிறுவர் சஞ்சிகை ஒன்றில் அவருடைய கதை அச்சாகியது. எழுத்தாளராவதே அவர் கனவு. 1925இல் மகளிர் கல்லூரியிற் சேர்ந்தது ஆங்கில இலக்கியம் படிக்கவே. தாயார் பியானோ கற்பித்தும் வீட்டிலிருந்த பீங்கானையும் வெள்ளிப் பாத்திரத்தையும் விற்றும் கல்லூரிக் கட்டணம் கட்டினார். அங்கே மேரி ஸ்கிங்கர் என்னும் ஆசிரியையிடம் உயிரியல் கேட்டதும் மனம் மாறியது. இலக்கியத்தை விட்டு விலங்கியலுக்குச் சென்றார். எழுத்தைத் துறந்துவிட்டோமே என்று சிலகாலம் வருந்தினாராம். எழுதுவதற்குப் பொருள் தேடிக்கொண்டேன் என்பதைப் பின்னரே உணர்ந்தார். ஒரு துறையைக் கற்றவன் மற்றத் துறையைத் தீண்டலாகாது என்று எண்ணும் நம்மவர் கவனிக்கத்தக்க இடம் இது.

1929இல் பட்டம் பெற்றார். அந்தக் கோடையிலேதான், இருபத்திரண்டாவது வயதில், முதன்முதலாகக் கடலைக் கண்டார். கடல் சூழ்ந்த குடாநாட்டிலே பிறந்த நமக்கு இது வியப்பாகத் தோன்றும். பின்னாளிற் கடலை அவர்போல எழுதினவர் அரியர். அவரோ கடல் காணாது வளர்ந்தவர்.

1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டம். மேற்கொண்டு கலாநிதிப் பட்டத்துக்கு ஆராயக் குடும்பத்தின் வறுமை இடங்கொடுக்கவில்லை. 1935இல் தந்தையார் இறந்தார். அடுத்த ஆண்டு மீன்பிடிப் பணியகத்தில் உத்தியோகம் கிடைத்தது. 1937இல் தமக்கையார் இறக்க, அவருடைய இரு பெண்பிள்ளைகளும் இவர் பொறுப்பாயினர். அரசாங்கப் பணி பகலில், தாயார், மருமக்கள் பராமரிப்பு மாலையில், எழுத்து இரவில். முதல் நூல் 1941 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த மாதம் அமெரிக்கா போரில் இறங்கியது. நூலைக் கவனிப்பார் இல்லை. இரண்டாவது நூலாகிய நம்மைச் சூழ்ந்த கடல் 1951இல் வந்தது. 86 வாரம் மிகுதியாக விற்கும் நூல்களின் வரிசையில் அது நின்றது. அதன் பின்னரே உத்தியோகத்தை விடக்கூடிய நிலை வந்தது. 1955இல் கடலோரம் பற்றிய மூன்றாம் நூல். அமைதியாக இருந்து கடலையே எழுதிக்கொண்டு காலம் கழித்திருக்கலாம், புகழும் குறைந்திராது. 1957இல் மருமகள் ஒருத்தி இறந்தாள். அவளுடைய ஐந்து வயது மகனைத் தம் மகனாகவே ஏற்றார். அம்மையார் மணஞ் செய்துகொண்டவரல்லர். ஐம்பதாவது வயதில் ஒரு பாலகனுக்குத் தாயானார்.

டி.டி.ரி.யைப் பற்றிய கவலை அவருக்குத் திடீரென்று வந்ததன்று. இரண்டாம் உலகப் போரிலே பேனையும் நுளம்பையும் கொன்று படைவீரரைக் காத்த மருந்து அது. 1945இலேயே, மேரிலாந்தில் நடந்த பரிசோதனைகளை அறிந்து, அதன் மறுபக்கத்தைப்பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரவா என்று பெயர்பெற்ற சஞ்சிகை ஒன்றுக்கு எழுதினார். அவர்கள் விரும்பவில்லை. பதின்மூன்று ஆண்டு சென்றது. 1958 சனவரியில் மசச்சூசெற்ஸ் மாகாணத்திலிருந்து ஒல்கா ஹக்கின்ஸ் என்னும் தோழியின் கடிதம் வந்தது. நுளம்பைக் கொல்ல ஆகாய விமானத்திலிருந்து மருந்து பொழிந்தனர்; தம் நிலத்துப் பறவைகள் வீட்டு வாசலிலே செத்து வீழ்ந்தன என்பது செய்தி. இம்முறை எழுதியே தீர்வது என்று துணிந்தார்.

நான்கு ஆண்டு உழைத்தார். அந்த ஆண்டின் இறுதியிலே தாயார் இறந்தார். 1960 ஏப்பிரலில் மார்பிலே சத்திரசிகிச்சை நடந்தது. கண்டது புற்றுநோய் என்பதை வைத்தியர் அவருக்குச் சொல்லாது மறைத்தார். பெண்ணொருத்திக்கு அதனைச் சொல்லாதிருப்பதே கருணை என்று எண்ணிய காலம் அது. ஆண்டு முடிவில் வேறொரு வைத்தியரிடமிருந்தே உண்மையை அறிந்தார். அறிந்த பின்னர் அவரும் உலகத்துக்கு மறைத்தார். தம் நோயின் கோபத்தினால் எழுதுகிறாள் என்று எதிரிகள் சொல்லிவிட்டால் நூலின் நியாயம் கெட்டுவிடும் என்பதே காரணம். கதிர்ச் சிகிச்சையும் மூட்டுவாதமும் கண்ணழற்சியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சில காலம் படிக்கவும் இயலாது, பிறர் படிக்கக் கேட்டுத் திருத்தினார். மௌன வசந்தம் என்னும் அந்த நூல் 1962 யூன் மாதம் சஞ்சிகையிலே தொடராகத் தொடங்கி, செப்ரெம்பர் 27ஆம் நாள் புத்தகமாக வெளிவந்தது.

அந்நூலில் இரண்டு செய்திகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கின்றேன்.

கலிபோர்னியாவிலே கிளியர் ஏரி என்றொரு நீர்நிலை. அதன் கரையிலே கொசுப் போன்ற ஒரு சிறு பூச்சி, கடிப்பதுமில்லை, நோய் பரப்புவதுமில்லை, எண்ணிக்கையாலே தொல்லை. 1949இல் டி.டி.ரி.யின் தங்கை போன்ற டி.டி.டி. என்னும் மருந்தை ஏரியிற் கலந்தனர். 7 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு மருந்து. பூச்சி ஒழிந்து சில ஆண்டில் மீண்டும் வந்தது. 1954இலும் 1957இலும் 5 கோடிக்கு ஒன்று என்ற அளவில் மீண்டும் கலந்தனர். இவ்வளவு சொற்பம் என்ன செய்யும் என்றே யாரும் நினைப்பர். ஏரியிலே முக்குளிப்பான் இனத்து நீர்ப்பறவைகள் ஆயிரம் சோடிக்கு மேல் வாழ்ந்தன. அவை சாகத் தொடங்கின. அவற்றின் கொழுப்பை ஆராய்ந்தபோது, பத்து இலட்சத்தில் 1,600 பங்கு மருந்து இருந்தது. நீரில் இருந்ததன் எண்பதாயிரம் மடங்கு. நீரிலுள்ள நுண்ணுயிர் மருந்தை ஏந்திற்று, அதனைச் சிறுமீன் தின்றது, அதனைப் பெருமீன், அதனைப் பறவை. ஒவ்வொரு வாயிலும் நஞ்சு செறிந்தது. கொழுப்பிற் கரையும், நீரிற் கரையாது, எளிதிற் சிதையாது என்னும் மூன்று குணமும் ஒரு பொருளில் ஒன்றுசேர்ந்தால் இதுவே நடக்கும்.

இதுவரை பலரும் அறிந்தது. அதே இடத்தில் அம்மையார் மேலும் ஒன்று சொல்கிறார். அதனையே யான் பலமுறை திரும்பப் படித்தேன். எஞ்சியிருந்த முப்பது சோடி அளவான பறவைகள் கூடு கட்டின; ஆனால் ஏரியிலே குஞ்சு காணப்படவில்லை. டி.டி.டி. சிறுநீரகத்தின் மேலமர்ந்த அதிரினற் சுரப்பியின் புறப்படையை அழிக்க வல்லது என்பது 1948 முதலே நாய்களிற் கண்டறியப்பட்டிருந்தது. அச்சுரப்பி சுரப்பது ஓமோன். எனவே இந்நஞ்சு உயிரைக் கொல்வதோடு நில்லாது, உடம்பின் சுரப்பிகளையும் குலைக்கின்றது. அதே நூலின் புற்றுநோய் பற்றிய அதிகாரத்திலும், ஈரல் பழுதுபட்டால் ஈஸ்திரசன் என்னும் பெண்மை ஓமோன் உடம்பில் அளவுக்கு மிஞ்சித் தங்கும் என்று எழுதி, பூச்சிநாசினி ஈரலைத் தாக்குவதை அதனோடு சேர்த்து நினைக்கச் சொல்கின்றார். 1950இலே சிரகியூஸ் பல்கலைக்கழகத்தில் இருவர், சேவற் குஞ்சுகளுக்கு டி.டி.ரி. கொடுத்து வந்தனர். குஞ்சுகள் சாகவில்லை. ஆனால் அவற்றின் விதைகள் இயல்பான அளவில் ஐந்திலொரு பங்குக்கும் குறைவாயின, கொண்டையும் வளரவில்லை. சேவல் சேவலாகவில்லை.

ஓமோன் என்பது தூது. ஒரு சுரப்பி இரத்தத்திலே விடுக்கும் மிகச் சிறு பொருள், தொலைவிலுள்ள உறுப்புக்குச் சென்று, வளர் என்றோ நில் என்றோ பருவமடை என்றோ சொல்லுகிறது. அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தூதுவிட்ட இலக்கியம் நம்முடையது; தூதுக்குரிய இலக்கணம் நமக்குத் தெரியும். தூது செல்பவன் மிகச் சிலவே பேசுவான். அந்தச் சிலவற்றால் அரசு நிற்கும், அரசு வீழும். இடையிலே வேடம் பூண்ட பொய்த்தூதன் ஒருவன் புகுந்தால், படை வேண்டாம், வாள் வேண்டாம். அளவு சிறிது, ஆகவே கேடும் சிறிது என்னும் கணக்கு இங்கே பொருந்தாமற் போவது இதனாலேதான்.

இரண்டாவது செய்தி ரொபின் என்னும் செம்மார்புக் குருவி பற்றியது. மிச்சிகன் மாகாணத்திலே கிழக்கு லான்சிங் நகரத்துப் பல்கலைக்கழக வளவில், எல்ம் மரங்களின் நோயைத் தடுக்க 1954 முதல் டி.டி.ரி. தெளித்தனர். இலை உதிர்ந்தது, மண்புழு அதனைத் தின்றது, வசந்தத்திலே வந்த குருவி புழுவைத் தின்று துடித்து வீழ்ந்தது. பதினொரு பெரிய புழு போதுமாம் ஒரு குருவியைக் கொல்ல. நூலின் பெயர் பிறந்தது இத்தகைய செய்திகளிலிருந்தே. மிச்சிகன் என்னும் இந்தப் பெயரை வாசகர் நினைவிற் கொள்க, பின்னர் வரும்.

நூல் வந்ததும் எழுந்த புயலைச் சொல்லி முடியாது. ஒரு கம்பனி, நூல் வெளிவருமுன்னரே பதிப்பாளருக்கு வழக்கு மிரட்டல் அனுப்பிற்று. கன்னிப் பெண்ணுக்குச் சந்ததியைப் பற்றிக் கவலை ஏன் என்றும், பித்துப் பிடித்தவள் என்றும், பொதுவுடைமைக்காரி என்றும் ஏசினர். அம்மையார் ஏச்சுக்கு ஏச்சு விடுக்கவில்லை. 1963 ஏப்பிரலில் தொலைக்காட்சியில் தோன்றி, மெலிந்த உடம்போடும் அமைந்த குரலோடும் பேசினார். அடுத்த மாதம் ஜனாதிபதி கெனடியின் விஞ்ஞான ஆலோசகர் குழு அறிக்கை வெளியிட்டது. பெரும்பாலும் அவர் பக்கமே. யூன் மாதம் செனற் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். நோய் எலும்புக்கும் பரவியிருந்தது. 1964 ஏப்பிரல் 14ஆம் நாள் தமது இல்லத்திலே காலமானார். வயது 56.

இனி இலங்கைக் கணக்கு. 1934, 35ஆம் ஆண்டுகளின் பெருங்காய்ச்சலிலே இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். 1946இல் மலேரியா கண்டவர் தொகை 25 இலட்சத்துக்கு மேல். அவ்வாண்டளவில் டி.டி.ரி. வீட்டுச் சுவர்களில் தெளிக்கப்பட்டது. தொகை சரிந்து சரிந்து, 1963இல் நாடு முழுவதிலும் வெறும் 17 பேர். இந்த மருந்து காத்த உயிர்களை மறுப்பவன் நன்றி கொன்றவன். அம்மையாரும் மறுக்கவில்லை, நோய் தடுக்கும் தேவை இல்லை என்று அந்நூலில் ஓரிடத்தும் அவர் சொல்லவில்லை. கண்மூடிக் கொட்டினால் பூச்சிகள் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு நோய் வரும்போது கையில் மருந்து இராது என்று ஓர் அதிகாரமே எழுதினார்.

17 பேர் என்றதும், நோய் ஒழிந்தது என்று திட்டப்படி தெளிப்பை நிறுத்தினர். உலக ஒழிப்புத் திட்டத்தின் ஒழுங்கே அது. தாக்கும் பருவம் முடிந்தால் தெளிப்பு நிற்கும், கண்காணிப்புத் தொடரும். கண்காணிப்புத் தளர்ந்தது. மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின, நுளம்பு பெருகியது. 1968, 69ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலிற் கிடந்தனர். உடனே டி.டி.ரி.யையே மீண்டும் தெளித்தனர், யாரும் தடுக்கவில்லை. ஆனால் இம்முறை மருந்து முன்போல் வெல்லவில்லை. நுளம்பு அதற்குப் பழகிவிட்டது. 1977இல் டி.டி.ரி.யை விட்டு மலத்தியன் என்னும் வேறு மருந்துக்குப் போக நேர்ந்தது. அம்மையார் எச்சரித்ததே நடந்தது. யான் அவர் எச்சரிக்கையைக் குற்றமாக்கித் தீர்ப்பளித்தேன்! 1972இல் அமெரிக்கா விதித்த தடையும் நோய் தடுக்கும் தேவையை விலக்கியே விதித்தது. இந்நாட்டவருக்கு இந்நாட்டிலே தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்ரோபரிற் கண்டது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த இறுதி வெற்றி டி.டி.ரி.யால் வந்ததன்று, இரத்தப் பரிசோதனையும் நுளம்பு வலையும் அயராத களப்பணியாளரும் தந்தது.

அம்மையாரின் வரலாறு அவருடைய மரணத்தோடு முடியவில்லை என்பேன். 1966இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஜென்சன், பிராணிகளின் உடம்பில் டி.டி.ரி. தேடுகையில், அடையாளந் தெரியாத வேறொரு பொருளையும் உடன் கண்டதை வெளியிட்டார். கழுகில் இருந்தது; தம் வீட்டாரின் தலைமயிரிலும் இருந்தது. அது பூச்சிநாசினி அன்று. மின்மாற்றிகளின் எண்ணெயிற் கலக்கும் பி.சி.பி. என்னும் தொழிற்சாலைப் பொருள். வயலிலே தெளிக்கப்படாததும் உடம்புக்குள் வரும் என்பது அன்று தெரிந்தது.

இனி மிச்சிகன். அந்த மாகாணத்திலே செயின்ற் லூயிஸ் என்னும் சிற்றூர். அங்கே ஆற்றங்கரையில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை முன்பு டி.டி.ரி. செய்தது, பின்னர் பிளாத்திக்கு எளிதிற் தீப்பற்றாதிருக்கச் சேர்க்கும் புரோமீன் சேர்வையொன்றையும் செய்தது. அதே ஆலை கால்நடைத் தீனியிற் கலக்கும் உப்பொன்றையும் செய்தது. இரண்டின் வணிகப் பெயரும் ஏறக்குறைய ஒன்று. 1973இல் சாக்கு மாறிற்று. தீத்தடுப்புச் சேர்வை தீனியாகப் பசுக்களின் வாய்க்குப் போயிற்று. அடுத்த ஆண்டு கண்டுபிடிக்குமுன் அம்மாகாணத்தார் பாலிலும் இறைச்சியிலும் முட்டையிலும் அதனை உண்டு தீர்த்தனர். ஏறத்தாழ 30,000 மாடுகளையும் 15 இலட்சம் கோழிகளையும் கொன்று புதைத்தனர். புதைத்ததோடு முடிந்ததா? அக்காலத்துத் தாய்மார் வயிற்றிலே அந்நஞ்சை மிகுதியாக ஏற்று, பின் தாய்ப்பாலும் உண்ட பெண்மக்கள், மற்றப் பெண்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு முந்திப் பருவமடைந்தனர் என்று 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. எழுத்து ஒன்று மாறினாற் பொருள் மாறும் என்று நாள்தோறும் வகுப்பிலே சொல்கிறேன். சாக்கின் மேலெழுதிய பெயரிற் சில எழுத்து ஒத்திருந்ததனால், பிறவாத பிள்ளையின் பருவம் மாறிற்று.

அதே செயின்ற் லூயிஸ் ஊரில், ஆலை மூடிப் பல்லாண்டு சென்றபின், 2010களிலும் ரொபின் குருவிகள் டி.டி.ரி. நஞ்சால் இறந்து வீழ்ந்தன. அவற்றை ஆராய்ந்தவர்கள் கிழக்கு லான்சிங் பல்கலைக்கழகத்தார். அம்மையார் எழுதிய அதே குருவி, அதே பல்கலைக்கழகம், ஐம்பது ஆண்டு இடையீடு.

அந்தப் புரோமீன் சேர்வையை நிறுத்தியபின் அதன் தம்பி வந்தது, பி.பி.டி.ஈ. என்பர். மெத்தைப் பஞ்சிலும் தொலைக்காட்சிப் பெட்டியின் கூட்டிலும் கணினியிலும் சேர்த்தனர். நமது கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோன், ஒட்சிசன் அணுவொன்றாற் பிணைந்த இரு வளையங்களில் அயடீன் பூண்டது. பி.பி.டி.ஈ.யும் ஒட்சிசன் அணுவொன்றாற் பிணைந்த இரு வளையந்தான். அயடீன் இருக்கவேண்டிய இடத்திற் புரோமீன். உடம்பினுள் சிறிது மாற்றமுற்றதும், தைரொயிட்டு ஓமோனை இரத்தத்திற் சுமந்து செல்லும் புரதத்திலே ஏறி அமர்ந்துகொள்கிறது. அரசன் ஏறவேண்டிய பல்லக்கிலே வேடதாரி ஏறிய கதை. கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்வதற்கு அந்த ஓமோனே இன்றியமையாதது என்பதை நோக்கினால் இதன் பாரம் விளங்கும். 1991இலே தியோ கோல்போர்ன் என்னும் மற்றொரு பெண்மணி பல துறை அறிஞரைக் கூட்டி, ஓமோன்களைக் குழப்பும் இப்பொருள்களையெல்லாம் ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்தார். பல நாடுகள் சேர்ந்து செய்த ஸ்ரொக்ஹோம் உடன்படிக்கை 2009இல் இத்தீத்தடுப்புச் சேர்வைகளுட் சிலவற்றையும் விலக்கியது. இலங்கை அவ்வுடன்படிக்கையை 2005இலேயே ஏற்றிருந்தது.

விலக்கியது புதிதாகச் செய்வதை. முன்னே செய்த மெத்தையும் பெட்டியும் எங்கே போகும்? குப்பைக்கு. சென்னையிலே பெருங்குடிக் குப்பை மேட்டை அடுத்து வாழ்ந்த தாய்மாரின் பாலில் பி.சி.பி.யும் தீத்தடுப்புப் புரோமீனும் காணப்பட்டன. அக்குப்பையிலே மேய்ந்த பசுக்களின் பால்வழி அது வந்திருக்கலாம் என்று 2012இல் ஆய்வாளர் எழுதினர். இதனாலே தாய்ப்பாலை நிறுத்தவேண்டும் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. பாலின் நன்மை அக்கேட்டினும் பெரிது என்றே சொல்கின்றனர். யான் இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அரைகுறையாகப் படித்ததை மேடையிலே சொன்னால் என்ன வரும் என்பது இப்போது எனக்குத் தெரியும். கல்லுண்டாய் வெளியிலே குப்பை எரிந்த நாள்களில் மானிப்பாய்ப் பக்கம் வீசிய புகையை யானும் முகர்ந்திருக்கிறேன். அப்போது மூக்கைப் பொத்தினேன், வேறொன்றும் நினைத்திலேன். பழைய வானொலிப் பெட்டியையும் கிழிந்த மெத்தையையும் வளவின் கோடியிலே போட்டு எரிப்பது எங்கள் வீட்டிலும் வழக்கமாக இருந்தது. இப்போது இல்லை.

அம்மையாருக்கு வந்த நோய் எதனால் வந்தது என்று சிலர் ஊகித்து எழுதுகின்றனர். யான் அதற்குள் புகேன். ஒன்று சொல்லலாம். 1959 முதல் 1967 வரை கலிபோர்னியாவிலே பிள்ளைப்பேற்றின்போது எடுத்து வைத்த தாய்மாரின் இரத்தத்தை நெடுங்காலத்தின் பின் ஆராய்ந்தனர். பதினான்கு வயதுக்கு முன்னரே டி.டி.ரி.யை எதிர்கொண்டவர்களுள், இரத்தத்தில் அது மிகுதியாக இருந்தவர்க்கு மார்புப் புற்றுநோய் ஐந்து மடங்கு கூடுதல் என்று 2007இல் வெளிவந்தது. எந்த வயதில் தூது கலைந்தது என்பதே முக்கியம் போலும்.

தம் ஈமக்கடன் எளிமையாக நடக்கவேண்டுமென்று அவர் விரும்பியிருந்தார். தமையனார் தலைநகரத்துப் பேராலயத்திலே பெருஞ் சடங்காக நடத்தினார். சாம்பலிற் பாதி தாயாரின் பக்கத்தில் அடங்கியது. மற்றப் பாதியை உயிர்த்தோழி டொறதி, மெயின் மாகாணத்துக் கடலிலே, இருவரும் கோடைதோறும் அமர்ந்து அலை பார்த்த பாறையோரத்தில் தூவினார்.

இவ்வளவும் படித்தபின் அந்த விவாத அரங்கை நடத்திய சங்கத்தாரிடம் போய், என் தீர்ப்பைத் திருத்த நேரம் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் கால் மணி தந்தனர். வென்ற கட்சியின் வெற்றியைப் பறிக்கவில்லை. அவர்கள் நன்றாகவே பேசினார்கள். யான் கூறிய காரணம் பிழை என்று மட்டும் சொல்லி, மேலே எழுதிய ஆண்டுக் கணக்கைப் படித்தேன். இம்முறை கைதட்டல் அவ்வளவு இல்லை. மாணவி பாட்டனாரையும் அழைத்து வந்திருந்தாள். காது மந்தம், பேத்தி செவியருகே எடுத்துச் சொல்லச் சொல்லத் தலையசைத்துக் கொண்டிருந்தார். முடிவில், 1977இல் மருந்து மாறியபோது மலத்தியன் நாற்றம் பொறுக்காமற் சனங்கள் கதவைச் சாத்தினார்கள் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

ஓமோன்களைக் குழப்பும் பொருளுக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்று அன்று மாணவர் கேட்டனர். அகஞ்சுரப்புக் குழப்பி என்றேன். வாயிலே நுழையவில்லை என்று சிரித்தார்கள். பொய்த்தூது என்றாள் அந்த மாணவி. விஞ்ஞான ஆசிரியர் ஒப்பவில்லை. பொருள் விரிகிறது என்கிறார். இன்னும் தீரவில்லை.